மஞ்சள் அங்கிப் படையின் புத்தகம்: பழைய நூலொன்றுக்கு ஏன் இவ்வளவு விலை?

குதிரைப்படைத் தளபதி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய ஆங்கில நூல். இரண்டு தொகுதிகள், அச்சான ஆண்டு 1851. இதன் ஒளிவருடலை (ஸ்கேன் செய்த படியை) இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். தாளில்தான் வேண்டும் என்றால் மறு அச்சும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் 1851இல் அச்சான அசல் பிரதி பழம்புத்தகச் சந்தைக்கு வந்தால் மறு அச்சைப்போல் பல மடங்கு விலை கேட்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. எழுத்து ஒன்றுதான், ஒரு வரிகூடக் கூடுதலாக இல்லை. பிறகு எதற்காக அந்தப் பணம்?

இதற்கு விடை காண அந்தத் தளபதி யார், அவருடைய படை எப்படிப்பட்டது, 'சேகரிப்பு மதிப்பு' என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அடியிலிருந்து வர வேண்டும். எடுத்துக்காட்டாக இங்கே எடுத்துக்கொள்வது கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னரைப் பற்றி ஜேம்ஸ் பெய்லி ஃபிரேசர் எழுதி, லண்டனில் ஸ்மித் எல்டர் நிறுவனம் வெளியிட்ட நூல். தளபதியைப் பற்றியும் அவர் ஆட்களைப் பற்றியும் பேசும் நூல்களுக்கு எங்கும் நேர்கிற கதைதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது.

யார் இந்த ஸ்கின்னர்?

1778இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை ஹெர்குலஸ் ஸ்கின்னர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ராஜபுத்திரப் பெண். இந்தப் பிறப்புதான் அவர் வாழ்க்கையின் போக்கை முடிவு செய்தது. தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருப்பவருக்குக் கம்பெனிப் படையில் அதிகாரிப் பதவி கிடையாது என்று 1791இல் கம்பெனி இயக்குநர்கள் விதி செய்துவிட்டார்கள். கம்பெனிக் கதவு அடைபட்டதால், பதினேழு வயதை ஒட்டி ஸ்கின்னர் மராத்திய மன்னர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார். பிரெஞ்சு மொழி பேசும் சவோய்ப் பகுதியிலிருந்து வந்த டி புவாஞ் உருவாக்கிய படை அது. அவருக்குப் பின் பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குத் தலைவரானார்.

1803இல் கம்பெனிக்கும் மராத்தியருக்கும் போர் மூண்டது. ஆங்கிலேய இரத்தம் உள்ளவர்களைப் பெரோன் வேலையை விட்டு அனுப்பினார். ஆங்கிலேயர்கள் அரை இந்தியன் என்று சேர்க்கவில்லை. மராத்தியர் பக்கமோ அரை ஆங்கிலேயன் என்று விலக்கிவிட்டது. வேறு வழியின்றிக் கம்பெனிப் படைத்தலைவர் லேக் பிரபுவிடம் வந்தவர், சிந்தியாவின் உப்பைத் தின்றிருப்பதால் அவரை எதிர்த்துப் போரிடமாட்டேன் என்று நிபந்தனை வைத்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த டில்லிப் போருக்குப் பின், பெரோனிடம் இருந்த இந்துஸ்தானி குதிரை வீரர்கள் கட்சி மாறி வந்தார்கள். யாரைத் தலைவராக வைக்கலாம் என்று கேட்டபோது அவர்கள் 'சிக்கந்தர் சாகிப்' என்றார்களாம். ஸ்கின்னர் என்ற பெயர் அவர்கள் வாயில் சிக்கந்தர் ஆகியிருந்தது. சிக்கந்தர் என்றால் அலெக்சாந்தர். பெயர் திரிந்தாலும் தளபதிக்கு நட்டமில்லை.

அந்தப் படைதான் ஸ்கின்னரின் குதிரைப்படை. மஞ்சள் நிற நீண்ட அங்கி அணிந்ததால் 'மஞ்சள் பையன்கள்' என்ற பட்டப்பெயரும் வந்தது. 'ஹிம்மத்-இ-மர்தான், மதத்-இ-குதா' என்ற பாரசீக வாசகம் அதன் முழக்கம். துணிந்தவர்க்குக் கடவுள் துணை என்று பொருள். இப்போது ஹரியானாவில் உள்ள ஹான்சி அதன் தலைமையிடமாக இருந்தது. ஸ்கின்னர் 1841 டிசம்பரில் அங்கேதான் இறந்தார். உடல் பின்னர் டில்லிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காஷ்மீரி கேட் அருகே அவரே கட்டி 1836இல் திறக்கப்பட்ட புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. படை இன்றும் இருக்கிறது: இந்திய இராணுவத்தில் அதே பெயரில், குதிரைக்குப் பதிலாக டாங்கிகளோடு.

இந்த வரலாற்றிலேயே ஒரு முரண் உண்டு. படைப்பிரிவு தன் தோற்ற நாளாகக் கொள்வது 1803 பிப்ரவரி 23. ஆனால் போர் தொடங்கியது அந்த ஆண்டு ஆகஸ்டில். டில்லிப் போர் நடந்தது செப்டம்பர் 11 அன்று. கட்சி மாறி வந்தவர்களைக் கொண்டு எழுந்த படை, அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ ஏழு மாதம் முன்பே பிறந்திருக்க முடியாது. படைப்பிரிவு வரலாறுகளில் இப்படிப் பல உண்டு. மரபு நாளும் ஆவண நாளும் ஒன்றுதானா என்று பார்க்காமல் எந்தத் தேதியையும் எடுத்தாளக்கூடாது.

'முறைசாராக் குதிரைப்படை' என்றால் என்ன?

நூலின் நீண்ட ஆங்கிலத் தலைப்பு ஸ்கின்னரை முறைசாராக் குதிரைப்படை ஒன்றின் தளபதி என்கிறது. முறைசாரா என்றால் ஒழுங்கில்லாத கும்பல் என்று பொருளில்லை. வேறுபாடு பணத்தில் இருக்கிறது.

முறைசார்ந்த படையில் குதிரை, வாள், உடை எல்லாம் அரசு கொடுக்கும். முறைசாராப் படை நடந்தது 'சிலாதார்' முறையில். ஆயுதம் தாங்கியவன் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். இதில் வீரன் தன் குதிரையோடும் ஆயுதத்தோடும் வந்து சேருவான். மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைக்கும். குதிரைக்குப் புல்லும் கொள்ளும், தனக்குச் சோறும் உடையும் அதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரை செத்தால் புதியது வாங்குவதும் அவன் பொறுப்பு. வசதியுள்ள ஒருவன் நாலைந்து குதிரைகளைக் கொண்டுவந்து, அவற்றில் ஏற ஏழை உறவினர்களைச் சேர்ப்பதும் உண்டு. பிறர் குதிரையில் ஏறி ஊழியம் செய்பவனுக்குப் 'பார்கீர்' என்று பெயர்.

இதன் விளைவுகள் பல. அரசுக்குச் செலவு குறைவு. படையில் ஐரோப்பிய அதிகாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததால் ரிசல்தார், ஜமேதார், தபேதார் போன்ற இந்தியத் தலைவர்களின் கையில் உண்மையான அதிகாரம் இருந்தது. ஒரு படையணி கிட்டத்தட்ட ஓர் உறவுக்கூட்டமாக இயங்கியது. வீரனின் முழுச் சொத்தும் குதிரையாக நிற்பதால் அதைத் தேவையில்லாமல் பலிகொடுக்க அவன் தயங்கினான் என்ற குறையும் சொல்லப்பட்டது. முதல் உலகப்போரில் கடல் தாண்டிப் போனபோது இறந்த குதிரைக்கு மாற்றுக் குதிரையை வீரனே தேடிக்கொள்வது நடக்காத காரியமானது. போருக்குப் பின் இந்த முறை கைவிடப்பட்டது.

(தமிழ்நாட்டில் கலெக்டருக்கும் நீதிபதிக்கும் முன்னால் நடக்கும் 'டபேதார்' இந்தக் குதிரைப்படைப் பதவியின் வழிவந்தவர்தான். குதிரை போய்விட்டது, சொல் மட்டும் அலுவலக வாசலில் நிற்கிறது.)

ஒரு தளபதி, மூன்று வகை ஆவணம்

ஸ்கின்னரைப் பற்றிய 'அரிய நூல்' என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வகை என்பதைத்தான்.

1. பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள். ஸ்கின்னர் பாரசீகத்தில் தேர்ந்தவர், நூல்களும் உருவாக்கினார். 1825இல் முடிந்த 'தஷ்ரீஹ் அல்-அக்வாம்' சாதிகளையும் தொழில்களையும் துறவிகளையும் படத்தோடு விவரிக்கிறது. 1830ஐச் சேர்ந்த 'தஸ்கிரத் அல்-உமரா' வட இந்திய அரச குடும்பங்களின் வரலாறு. இவற்றின் படியெடுத்த, படம் தீட்டிய பிரதிகள் சிலவே உள்ளன. பம்பாய் ஆளுநராக இருந்த ஜான் மால்கமுக்கு அவர் அளித்தவை இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கையால் ஆனது என்பதால் 'முதல் பதிப்பு' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

2. ஓவியங்கள். 1827இல் டில்லி ஓவியர் குலாம் அலி கான் தீட்டிய, ஸ்கின்னர் தன் படை தர்பாரை நடத்தும் காட்சி லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஃபிரேசர் சகோதரர்கள் வரையச் சொன்ன ஓவியத் தொகுப்பும் இந்த வகையில் சேரும். அதற்குக் கடைசியில் வருவோம்.

3. அச்சு நூல். ஸ்கின்னர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளை அடிப்படையாக வைத்து ஃபிரேசர் எழுதிய 1851ஆம் ஆண்டு நூல். ஆகவே இதில் இரண்டு குரல்கள் கலந்திருக்கின்றன: களத்தில் நின்றவரின் குரல், அவரைப் போற்றிய குடும்ப நண்பரின் குரல். எந்த வரி யாருடையது என்று பிரித்துப் படிப்பது வாசகரின் வேலை.

சந்தையில் அடிக்கடி கைமாறுவது மூன்றாவது வகை மட்டுமே. விலைக் குழப்பமும் அதில்தான்.

விலையைத் தீர்மானிப்பவை

1. முதல் பதிப்பு. ஒரு நூல் முதன்முதலாக அச்சுக் கோத்து வெளிவந்த வடிவம். பின்னால் வருவது மறுபதிப்பு. பழைய பக்கங்களை அப்படியே படம்பிடித்து அச்சிட்டால் அது நேர்ப்படி. ஃபிரேசர் 1856இல் இறந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடுவதால் இந்த நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். மறு அச்சு பெருகியும் அசலின் விலை விழவில்லை. படிக்க விரும்புகிறவர் மறு அச்சை வாங்குவார், பொருளை விரும்புகிறவர் அசலைத் தேடுவார். இரண்டும் தனித்தனிச் சந்தைகள்.

2. முழுமை. இரண்டு தொகுதி நூலில் ஒன்று மட்டும் கிடைத்தால் பாதி விலை என்று நினைக்கவேண்டாம். பாதியைவிட மிகக் குறைவாகத்தான் போகும், ஏனென்றால் பிரிந்துபோன இணையைத் தேடிச் சேர்ப்பது அத்தனை கடினம். வணிகர்கள் ஒவ்வொரு தாளையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். படத்தாள்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டு விற்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்ததால் படமுள்ள நூல்களில் இந்தச் சரிபார்ப்பு கட்டாயம். பொருளடக்கத்தில் உள்ள படம் உள்ளே இல்லை என்றால் நூல் ஊனம்.

3. கட்டும் நிலையும். வெளியீட்டாளர் போட்ட அசல் துணிக் கட்டு இருந்தால் விலை கூடும். ஆனால் இந்தியாவில் வாழ்ந்த பிரதிகளில் அது அபூர்வம். ஈரமும் இராமபாணப் பூச்சியும் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. பெரும்பாலானவை தோலில் மறுகட்டு கண்டவை. தாளைப் பொறுத்தவரை சற்று ஆறுதல் உண்டு. மரக்கூழ்த் தாள் பெருமளவில் பரவுவதற்கு முந்தைய நூல் இது. ஆகவே 1920களில் அச்சான நம் வீட்டு நூல்களை விட இதன் பக்கங்கள் மடித்தால் உடையாமல் நிற்க வாய்ப்பு அதிகம். பழுப்புப் புள்ளிகள் மட்டும் தவிர்க்க முடியாதவை.

இங்கே ஒரு சொல் எச்சரிக்கை. பழம்புத்தக வணிகத்தில் 'குட்' என்ற ஆங்கிலத் தரக்குறியீட்டை 'நல்ல நிலை' என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் ஏராளம். தேய்ந்தும் நைந்தும் இருந்தாலும் பக்கங்கள் எல்லாம் உள்ளன என்பதே அதன் பொருள். நம் பேச்சில் 'சுமார்'. உண்மையிலேயே நன்றாக இருந்தால் 'வெரி குட்', 'ஃபைன்' என்பார்கள்.

4. மேலுறை. 20ஆம் நூற்றாண்டு நூல்களில் தாள் மேலுறை இருப்பதும் இல்லாததும் விலையைத் தலைகீழாக்கும். 1851ஆம் ஆண்டு நூலுக்கு இந்த விதியைப் பொருத்தக்கூடாது. அச்சிட்ட தாள் மேலுறை வழக்கமானதே அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

5. கைமாறிய வரலாறு. யார் யாரிடம் இருந்து வந்தது என்பதற்கான தடம்: பெயர் எழுதியது, முத்திரை, அன்பளிப்பு வாசகம். சாதாரண வாடகை நூலக முத்திரை விலையைக் குறைக்கும். அதே இடத்தில் ஸ்கின்னர் படைப்பிரிவின் அதிகாரிகள் விடுதி முத்திரை இருந்தால் விலையை ஏற்றும், ஏனென்றால் நூல் பேசுகிற மனிதர்களோடு அந்தப் பிரதிக்கு நேர்த்தொடர்பு வந்துவிடுகிறது.

கையெழுத்து விஷயத்தில் நாள்காட்டியே நல்ல காவலாளி. நூல் வெளிவந்தது 1851இல். ஸ்கின்னர் இறந்தது 1841இல். ஆகவே 'ஸ்கின்னர் கையொப்பமிட்ட பிரதி' என்று யாராவது நீட்டினால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். ஃபிரேசர் அதன்பின் ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்ததால் அவர் எழுதிக் கொடுத்த பிரதி இருக்க முடியும்.

ஏலச் செய்தியைப் படிக்கும் முறை

செய்தியில் வரும் தொகை எது என்று பாருங்கள். 'மதிப்பீடு' என்பது ஏல நிறுவனத்தின் முன்கணிப்பு. 'குறைந்தபட்ச விலை' என்பது விற்பவர் ரகசியமாக வைக்கும் எல்லை. அதற்குக் கீழே விற்க மாட்டார். சுத்தி அடிக்கும்போது உள்ள தொகைதான் ஏல விலை. வாங்குபவர் அதற்கு மேல் நிறுவனத்துக்குக் கட்டணமும் வரியும் கட்டுகிறார். ஒரு செய்தி ஏல விலையையும் இன்னொரு செய்தி கட்டணம் சேர்ந்த தொகையையும் போட்டு ஒரே நூலுக்கு இரண்டு விலை சொல்வது வழக்கமாக நடக்கிறது. விற்பனைக்குப் பட்டியலிட்ட விலையோ இன்னும் யாரும் கொடுக்காத விலை.

இந்தியாவில் வைத்திருப்பவர்களுக்குச் சட்டமும் குறுக்கே வரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி 100 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று ஆர்வத்துக்குரிய பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். கையெழுத்துப் பிரதிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகளே போதும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு ஏலத்தில் பெரிய விலை போனது என்று படித்துவிட்டுத் தாத்தாவின் அலமாரியில் உள்ளதைத் தபாலில் அனுப்பக் கிளம்புவது வம்பில் முடியும். அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுச் சான்று பெற வேண்டும்.

வீரர்கள் எங்கே?

தளபதியையும் அவர் வீரர்களையும் பற்றிய நூல் என்று விற்பனைக் குறிப்புகள் சொல்லும். 1851ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் வீரர்கள் 'ஒரு படை' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். பக்கங்களை நிறைப்பவர் தளபதிதான். விலையும் அவர் பெயருக்கே. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றுகிறது: ஆயிரக்கணக்கானவர்கள் தம் சொந்தக் குதிரையை முதலாக்கி நடத்திய படை அது. முதலீட்டாளர்களின் பெயர் விட்டுப்போன கம்பெனிக் கணக்கைப் போல இருக்கிறது நூல்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கப் பழங்குடியினரோடு நடந்த சண்டையில் ஜார்ஜ் கஸ்டர் என்ற குதிரைப்படைத் தளபதி, தன்னோடு வந்த ஐந்து பிரிவுகளின் ஏறத்தாழ 210 பேரோடு மாண்டார். அந்த ஆண்டே அவருடைய வாழ்க்கை வரலாறு கடைக்கு வந்துவிட்டது. அங்கேயும் முதலில் விலைபோனது தளபதியின் பெயர்தான். ஆனால் அமெரிக்க இராணுவம் ஆள் சேர்க்கும்போதே ஒவ்வொரு வீரனின் பெயர், பிறந்த ஊர், வயது, முந்தைய தொழில், கண்ணின் நிறம் வரை பதிவேட்டில் எழுதியது. அதனால் பின்னாளில் வீரர்களைத் தனித்தனியாகத் தேடி எடுக்க முடிந்தது. அவர்களில் பலர் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்த இளைஞர்கள் என்று இன்று தெரிவது அந்தப் பதிவேடுகளால். சிலாதார் படையிலோ வீரன் அரசுக்குத் தெரிந்தவன் அல்லன், தன் ரிசல்தாருக்குத் தெரிந்தவன்.

இந்தக் குறையை ஓரளவு நிரப்புவது அந்த ஓவியத் தொகுப்பு. நூலை எழுதிய ஜேம்ஸ் பெய்லி ஃபிரேசரும், ஸ்கின்னரின் நெருங்கிய நண்பரான அவர் சகோதரர் வில்லியமும் 1815க்கும் 1819க்கும் இடையில் டில்லி ஓவியர்களை வைத்துத் தீட்டச் செய்தவை அவை, தொண்ணூறுக்கும் மேல். கிராமத்து ஆட்கள் படையில் சேர வந்த கோலத்திலும், சேர்ந்தபின் சீருடை அணிந்த கோலத்திலும் அவற்றில் நிற்கிறார்கள். யார், எந்த ஊர் என்று பல படங்களில் பாரசீகத்தில் எழுதியும் இருக்கிறது. ஒருவர் வேட்டியும் போர்வையுமாக விறைத்து நிற்கிறார், இன்னொருவர் மீசையில் கைவைக்காத குறை. அச்சு நூலில் 'படை' என்று கடந்துபோகும் சொல்லுக்கு முகம் கிடைப்பது இங்கேதான்.

இந்தத் தொகுப்பு ஸ்காட்லாந்தில் ஃபிரேசர் குடும்பத்தாரின் ஆவணங்களிடையே 1979இல் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டே லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்துக்கு வந்தது. ஒன்றாக அல்ல, தாள் தாளாக. தனித்தனியே விற்றால் மொத்த வருமானம் கூடும் என்பது ஏலக் கணக்கு. ஒரே படையில் சேர ஒன்றாக வந்து நின்றவர்கள் அப்படித்தான் வெவ்வேறு நாடுகளின் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சுவர்களுக்கும் பிரிந்து போனார்கள். ஃபிரேசரின் இரண்டு தொகுதிகளையும் வாங்கி வைத்திருப்பவர் அந்த முகங்களையும் பார்க்க விரும்பினால், இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களின் பட்டியல்களில் ஒவ்வொன்றாகத் தேடவேண்டும்.